டிஎல்எல் பதிவாகவில்லை என்று கணினி சொல்லும்போது

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி என்று எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் மீன் கம்பெனி, ஐஸ் கம்பெனி, நண்டு கம்பெனி, தங்கும் விடுதி என எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும், அங்கே பல ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதிக்கொடுத்த கணக்கு மென்பொருள் ஒன்று இன்னமும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். எழுதியவர் இப்போது வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார். ஆனால் படகு வாரியான முன்பணம், எடை, ஏல விலை, ஐஸ் பாக்கி, டீசல் பாக்கி எல்லாம் அந்த மென்பொருளுக்குள்தான் இருக்கின்றன. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து பல அலுவலகங்கள் கணினிகளை மாற்றி வருகின்றன. புதுக் கணினியில் மென்பொருளை நகலெடுத்து வைத்துத் திறந்தால், ‘ரன்-டைம் எரர் 339’ என்று ஒரு பெட்டி வருகிறது. இன்ன கோப்போ அது சார்ந்திருக்கும் வேறொரு கோப்போ சரியாகப் பதிவாகவில்லை என்கிறது. உடனே யாராவது ஒருவர், ‘ஃபார்மட் அடித்துவிடலாம்’ என்கிறார்.

இத்தகைய கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். ஃபார்மட் அடிப்பதால் இந்தப் பிழை தீர்வதில்லை என்பதையும், அந்தப் பெட்டியில் உள்ள வாசகத்தை நிதானமாகப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பதையும் விளக்கமாக எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. ‘டிஎல்எல் எரர்’ என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் ஒரு பிழை அன்று. அது மூன்று வெவ்வேறு கட்டங்களில் நிகழக்கூடிய தோல்வி. ஒவ்வொரு கட்டத்துக்கும் விண்டோஸ் தனித்தனி வாசகம் வைத்திருக்கிறது.

பதிவு என்றால் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய காலண்டர் பெட்டி, பட்டியல் பெட்டி போன்ற உறுப்புகளைத் தானே வைத்துக்கொள்ளாமல், டிஎல்எல் அல்லது ஓசிஎக்ஸ் என்று பெயர் முடியும், நூலகம் எனப்படும் தனிக் கோப்பிலிருந்து வரவழைக்கிறது. அப்படி வரவழைக்கும்போது கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. அந்த உறுப்புக்கென்று வழங்கப்பட்ட 128 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண்ணைச் சொல்லிக் கேட்கிறது. விண்டோஸ் அந்த எண்ணை, தன் அமைப்பு விவரங்களைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் தேடி, அதற்கு நேரே எழுதப்பட்டிருக்கும் கோப்பின் இடத்தைப் படித்து, அங்கே போய் எடுத்துவருகிறது. ரெஜிஸ்ட்ரியில் அந்த இடத்தை எழுதி வைப்பதுதான் பதிவு. இதை எழுதுவது ரெக்எஸ்விஆர்32 என்ற கட்டளை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எழுதுவது அந்த நூலகக் கோப்பேதான். குடிவந்தவர் தாமே தபால் நிலையத்துக்குப் போய்ப் புது விலாசத்தை எழுதிக்கொடுப்பதைப் போல, பதிவுக்குரிய ஒவ்வொரு கோப்புக்குள்ளும் ‘டிஎல்எல்ரெஜிஸ்டர்சர்வர்’ என்றொரு செயற்கூறு இருக்கிறது. அதுதான் தன் விவரங்களைத் தானே ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிறது. ரெக்எஸ்விஆர்32 செய்வது மூன்றே வேலைகள்: கோப்பை நினைவகத்தில் ஏற்றுகிறது, உள்ளே அந்தச் செயற்கூறைத் தேடுகிறது, கிடைத்ததும் அதை இயக்குகிறது.

ஆகவே இந்தக் கட்டளையைக் கொண்டு பதிவு செய்யும்போது தோல்வியும் மூன்று இடங்களில்தான் நேர முடியும். ஏற்றவே முடியவில்லை என்றால் ‘ஃபெயில்ட் டு லோட்’ என்று வரும். ஏற்றிய பிறகு செயற்கூறு கிடைக்காவிட்டால் ‘என்ட்ரி பாயின்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். கிடைத்து, இயக்கிய பிறகு தோற்றால் ‘ஃபெயில்ட் வித் எரர் கோட்’ என்று சொல்லி, எட்டு இலக்க எண் ஒன்றைக் காட்டும். இந்த மூன்றுக்கும் காரணங்களும் வேறு, தீர்வுகளும் வேறு. அதனால்தான் என்னை அழைக்கும் அலுவலகங்களிடம், பெட்டியை மூடுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வகைதான் அதிகம் வருவது. அதிகம் குழப்புவதும் அதுவே. ‘குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை’ என்ற வாசகத்துடன் வரும் இதன் எண் 126. மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை எனக்கு இதைக் காட்டினார். அவர் சிஸ்டம்32 கோப்புறையைத் திறந்து வைத்திருந்தார், எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் என்ற கோப்பு நீல நிறத்தில் தேர்வாகி நின்றது. அதன் மேலேயே, அந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பிழைப்பெட்டியும் நின்றது. “ஃபைல் கண்ணு முன்னாடி கிடக்குது, இல்லைங்குதே தம்பி” என்றார். அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி.

நிரல்கள் பழைய 32 பிட், புதிய 64 பிட் என இரு வகை; இதற்கு விடை 64 பிட் விண்டோஸின் அமைப்பில் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும்; ஆனால் 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில் இருப்பவை 32 பிட் கோப்புகள். 32 பிட் நிரல் ஒன்று சிஸ்டம்32ஐக் கேட்டால், விண்டோஸ் அதற்குத் தெரியாமலே அதைச் சிஸ்வாவ்64க்குத் திருப்பிவிடுகிறது. விஷுவல் பேசிக் 6 உருவாக்கும் கோப்புகள் அனைத்தும் 32 பிட் வகையைச் சேர்ந்தவை. கணக்குப்பிள்ளை அந்த 32 பிட் கோப்பைச் சிஸ்டம்32க்குள் வைத்திருந்தார். அவருக்குக் கோப்புறையைக் காட்டிய எக்ஸ்ப்ளோரர் 64 பிட் நிரல் என்பதால் கோப்பு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பதிவு செய்யப் போன 32 பிட் ரெக்எஸ்விஆர்32 சிஸ்வாவ்64க்குத் திருப்பப்பட்டு, அங்கே அந்தக் கோப்பு இல்லாததால் ‘இல்லை’ என்றது. இரண்டும் உண்மையையே சொல்லின. கோப்பைச் சிஸ்வாவ்64க்கு நகர்த்தி, அதே கோப்புறையில் உள்ள ரெக்எஸ்விஆர்32ஐ முழுப் பாதையுடன் அழைத்துப் பதிவு செய்தோம், மென்பொருள் திறந்தது.

கோப்பு சரியான இடத்தில் இருந்தும் 126 வந்தால், கிடைக்காதது அந்தக் கோப்பாக இராது. அது சார்ந்திருக்கும் இன்னொரு கோப்பாக இருக்கும். பெட்டி இந்தச் சார்புக் கோப்பின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் இந்தப் பிழையின் பெரிய குறை. அதனால் பலர் பெட்டியில் உள்ள பெயரையே மறுபடி மறுபடி நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எடை இயந்திரம், கைரேகைக் கருவி, பார்கோடு பிரிண்டர் ஆகியவற்றோடு வரும் நூலகங்களில் பெரும்பாலும் குறைவது மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள் என்னும் தொகுப்பு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கணினி 64 பிட் வகையாகவே இருந்தாலும், நூலகம் 32 பிட் என்றால் எக்ஸ்86 என்று குறிக்கப்பட்ட தொகுப்பைத்தான் நிறுவ வேண்டும். 2010, 2013 என்று ஒவ்வொரு பதிப்புக்கும் தனித் தொகுப்பு உண்டு. 2015 முதல் வந்தவை மட்டும் ஒரே தொகுப்பாக இணைக்கப்பட்டுவிட்டன. புதியது இருக்கிறதே, பழையது எதற்கு என்று பழைய தொகுப்புகளை நீக்கிவிடக் கூடாது. 2010இன் நூலகத்துக்கு 2010இன் தொகுப்பே வேண்டும்.

எந்தக் கோப்பு குறைகிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள ப்ராசஸ் மானிட்டர் என்ற இலவசக் கருவியைவிடச் சிறந்தது எதையும் நான் பார்த்ததில்லை. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள இந்தக் கருவியை மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ரெக்எஸ்விஆர்32 என்ற பெயருக்கு மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு பதிவுக் கட்டளையைக் கொடுத்தால், அது தேடிப்போன ஒவ்வோர் இடமும் வரிசையாகத் திரையில் ஓடும். ‘நேம் நாட் ஃபவுண்ட்’ என்ற வரிகள் சாதாரணமாகவே நிறைய வரும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரே டிஎல்எல் பெயரைக் கோப்புறை கோப்புறையாகத் தேடி, எங்குமே ‘சக்சஸ்’ கிடைக்காமல் முடியும் கடைசி வரிகள்தாம் நமக்கு வேண்டியவை. பழைய டிபென்டென்சி வாக்கர் என்ற கருவியையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது விண்டோஸ் 10, 11 கணினிகளில் உண்மையில் குறையாத பல கோப்புகளைக் குறைவதாகக் காட்டுவதால், புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

126க்கு இன்னொரு காரணம் உண்டு. அலுவலகங்களுக்கே உரியது என்பதால் சொல்கிறேன். மென்பொருள் சர்வரில் இருக்கும்; அதை ஒவ்வொரு கணினியிலும் இசட் டிரைவ் என்று இணைத்திருப்பார்கள். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டை, அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தைத் திறந்து, இசட் டிரைவில் உள்ள கோப்பைப் பதிவு செய்யச் சொன்னால் கிடைக்கவில்லை என்று வரும். காரணம், சாதாரண உரிமையில் இணைக்கப்பட்ட டிரைவ் நிர்வாகி உரிமையில் திறந்த சாளரத்துக்குத் தெரிவதில்லை. கோப்பைக் கணினியின் சொந்த வட்டுக்கு நகலெடுத்துவிட்டுப் பதிவு செய்தால் போதும்.

இரண்டாம் வகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செயற்கூறு இல்லை என்றால், அந்தக் கோப்பு பதிவு செய்யப்பட வேண்டிய வகையே அன்று என்பதுதான் பெரும்பாலும் பொருள். எல்லா டிஎல்எல் கோப்புகளும் பதிவுக்குரியவை அல்ல. பல கோப்புகள் மென்பொருளின் கோப்புறையில் சும்மா இருந்தாலே வேலை செய்பவை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் என்ற நிரலாக்கத் தளத்தில் எழுதப்பட்ட நூலகமாக இருந்தால் ரெக்எஸ்விஆர்32 பயன்படாது, ரெக்ஆஸ்ம் என்ற கட்டளை வேண்டும். சிஸ்டம்32இல் உள்ள எல்லா டிஎல்எல் கோப்புகளையும் ஒரே வரியில் வரிசையாகப் பதிவு செய்யும் ஒரு கட்டளை இணையத்தில் பல இடங்களில் கிடைக்கிறது. அதை யாரும் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விண்டோஸ் தனக்கென்று அமைத்து வைத்த பதிவுகளை அது கலைத்துவிடக்கூடும். எது கலைந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவும் வழியில்லை.

மூன்றாம் வகையில் எண்தான் எல்லாம். 80070005 என்று வந்தால், கடைசியில் உள்ள 5 என்பது அனுமதி மறுக்கப்பட்டதைக் குறிக்கிறது. 8002801சி என்பது ரெஜிஸ்ட்ரியை அணுக முடியவில்லை என்பது. பெரும்பாலும் அதற்கும் காரணம் அதே அனுமதிதான். ‘நான் அட்மினாகத்தானே உள்ளே வந்திருக்கிறேன்’ என்று பலர் கேட்கிறார்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, அட்மின் கணக்கில் நுழைந்தவரும் சாதாரண உரிமையோடுதான் வேலை செய்கிறார். தொடக்கப் பட்டியில் கமாண்ட் பிராம்ப்டின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் முழு உரிமை கிடைக்கும். சாளரத்தின் தலைப்பில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டளையைத் தட்டுங்கள்.

உரிமை இருந்தும் மறுக்கப்பட்டால் ஆன்டிவைரஸைப் பார்க்க வேண்டும். அதன் சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது. ரெக்எஸ்விஆர்32ஐக் கொண்டு இணையத்தில் உள்ள ஒரு ஸ்கிரிப்டை நேரடியாக இயக்க முடியும் என்பதை 2016இல் கேசி ஸ்மித் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். அதன் பிறகு தாக்குபவர்கள் அந்த வழியைப் பெருமளவில் பயன்படுத்தியதால், பல பாதுகாப்பு மென்பொருள்கள் இந்தக் கட்டளையைக் கண்டாலே எச்சரிக்கின்றன. அதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு வேலை பார்ப்பதை நான் ஏற்பதில்லை. தடுத்தது எந்தக் கோப்பை என்று அதன் வரலாற்றுப் பக்கத்தில் பார்த்து, அந்தக் கோப்பு தயாரிப்பாளரிடமிருந்தே வந்தது என்று உறுதியானால், அதற்கு மட்டும் விலக்குக் கொடுப்பதே முறை.

பதிவு வெற்றி என்று பெட்டி சொன்ன பிறகும் மறுநாள் பிழை வரும் அலுவலகங்கள் உண்டு. கோப்பு பதிவின்போது எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடமே ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படும் என்று மேலே சொன்னேன். சர்வீஸுக்கு வந்தவர் தம் பென்டிரைவில் இருந்த கோப்பை அங்கிருந்தபடியே பதிவு செய்துவிட்டு, மென்பொருள் திறப்பதையும் காட்டிவிட்டு, பென்டிரைவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மறுநாள் காலையில் ரெஜிஸ்ட்ரி அந்தப் பென்டிரைவின் விலாசத்தையே காட்டிக்கொண்டிருக்கும். டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து பதிவு செய்துவிட்டு, பிறகு இடம் போதவில்லை என்று அந்தக் கோப்புறையைக் காலி செய்தாலும் இதே கதைதான். முதலில் நிலையான இடத்தில் கோப்பை வைக்க வேண்டும், பிறகே பதிவு.

80040154, அதாவது ‘கிளாஸ் நாட் ரெஜிஸ்டர்ட்’ என்பதும் இப்போது அடிக்கடி வருகிறது. ஆபீஸ் 2019 முதல் இயல்பாகவே 64 பிட் பதிப்பு நிறுவப்படுகிறது. பழைய எக்ஸெல் மேக்ரோ (எக்ஸெலுக்குள் எழுதிய சிறு நிரல்) ஒன்று 32 பிட் நூலகத்தைக் கூப்பிட்டால், அந்த நூலகம் கணினியில் ஒழுங்காகப் பதிவாகி இருந்தாலும் 64 பிட் எக்ஸெலுக்கு அது தெரியாது. 32 பிட் பதிவுகள் வாவ்6432நோட் என்ற தனிப் பிரிவில் இருக்கின்றன. மறுபடி எத்தனை தரம் பதிவு செய்தாலும் இது தீராது. நூலகத்தின் 64 பிட் பதிப்பைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் ஆபீஸின் 32 பிட் பதிப்பை நிறுவ வேண்டும். கணினி வாங்கும்போதே இதைக் கேட்டுவிட்டால் பின்னால் வரும் அலைச்சல் மிச்சம்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பிழை திடீரென்று வந்தால், பழைய பதிவை நீக்கி மறுபடி பதிவு செய்வது பலன் தரும். 2012 ஏப்ரலில் வந்த எம்எஸ்12-027 என்ற பாதுகாப்புத் திருத்தம் எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸை மாற்றியபோது பல பழைய மென்பொருள்களும் எக்ஸெல் மேக்ரோக்களும் உலகமெங்கும் நின்றுபோயின. /யு என்ற குறியோடு பழைய பதிவை நீக்கி, பிறகு அதே கோப்பை மீண்டும் பதிவு செய்ததுமே பெரும்பாலானவை சரியாகிவிட்டன. அந்தத் திருத்தம் மோசமான ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது; பிழை வருகிறதே என்று பழைய கோப்பைத் தேடிப் பிடித்து மேலெழுதியவர்கள் அந்த ஓட்டையைத் தாமே திறந்து வைத்தார்கள்.

இங்கே உப்புக்காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே அலுவலகத்தில் ஒரே கோப்பு மற்றக் கணினிகளில் பதிவாகி, கடற்கரைப் பக்கத்து ஜன்னலோரக் கணினியில் மட்டும் 193 என்ற எண்ணோடு, அதாவது செல்லுபடியாகும் நிரலே அன்று என்று தோற்றால், கோப்பு அங்கே சேதமாகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். செர்ட்யூட்டில் என்ற கட்டளையில் ஹாஷ்ஃபைல் குறியைக் கொடுத்து இரு கணினிகளிலும் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் எண்ணை ஒப்பிட்டால் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். பாம்பனில் அப்படி ஒரு கணினியைத் திறந்தபோது, பின்பக்கத் தகடு துருவேறிப் பொருக்காக உதிர்ந்தது. ரேம் பலகையின் பொன்னிறத் தொடுமுனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அந்த முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, விண்டோஸின் நினைவகச் சோதனையை ஓட்டிப் பிழையில்லை என்று தெரிந்த பிறகு கோப்பை மறுபடி நகலெடுத்ததும் பதிவு நடந்தது. நினைவகம் தடுமாறும் கணினியில் என்ன நகலெடுத்தாலும் பழுதாகவே போய்ச் சேரும். அங்கே மென்பொருளை எவ்வளவு திருத்தியும் பயனில்லை. சேதமானது விண்டோஸின் சொந்தக் கோப்பு என்று சந்தேகம் வந்தால், எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளை அதைச் சரிபார்த்து மீட்டுத் தரும்.

குறையும் கோப்பின் பெயரைத் தேடுபொறியில் போட்டால் முதலில் வருபவை டிஎல்எல்களை இலவசமாக இறக்கித் தரும் தளங்கள். அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள். எந்தப் பதிப்பு, எத்தனை பிட், உள்ளே யார் எதைச் சேர்த்தார்கள் என்று எதற்கும் உத்தரவாதம் இல்லை. அந்தக் கோப்பை நிர்வாகி உரிமையோடு இயக்கப் போகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஊரில் பலரின் கடனும் வரவும் பதிந்திருக்கும் கணினி அது. மென்பொருளின் மூல நிறுவல் வட்டு, அதை எழுதியவர், மைக்ரோசாஃப்டின் தளம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி ஆகிய இவற்றில் ஒன்றிலிருந்தே கோப்பு வர வேண்டும்.

பழைய கணினி என்றதும் மீன் கம்பெனிக்காரர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் உங்கள் கணக்கறையிலும் வேலை குறைந்திருக்கும். கணினியை மாற்றுவதற்கு அதுவே தோதான சமயம். பழையதை விற்பதற்கு முன், மென்பொருளின் கோப்புறையை மட்டுமன்றி, அது பயன்படுத்தும் ஓசிஎக்ஸ், டிஎல்எல் கோப்புகளையும் அதனதன் இடத்தோடு குறித்து எடுத்துவையுங்கள். விஷுவல் பேசிக் 6இன் அடிப்படை நூலகம் விண்டோஸ் 11இலும் உடன் வருகிறது. இந்தக் கூடுதல் உறுப்புகள் வருவதில்லை. அவற்றைப் பதிவு செய்ய, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பு எழுதிக்கொண்டால், /எஸ் குறியைச் சேர்க்காதீர்கள்; அது பிழைப்பெட்டிகளை மறைத்துவிடும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் வெளியேறும் எண்ணைப் பாருங்கள்: 0 என்றால் வெற்றி, 3 என்றால் ஏற்ற முடியவில்லை, 4 என்றால் செயற்கூறு இல்லை, 5 என்றால் இயக்கியபின் தோல்வி. புதுக் கணினியில் ஒரு பில்லைப் போட்டு, அச்செடுத்து, ஒரு படகின் பேரேட்டைத் திறந்து பார்க்கும் வரை பழைய கணினியை அறையை விட்டு வெளியேற்ற வேண்டாம்.